கட்டியவன் பேரும் தகட்டின் கனமும்

நம்ம ஊர்ப் பெரிய வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களிடம், "ஒருத்தன் வாய்க்காலில் படகு வாங்கி அதிலேயே குடியிருக்கப் போகிறான்" என்று சொன்னால் முதலில் மூக்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள். என் தங்கை மகன் பிரான்சிலிருந்து இதைத் தொலைபேசியில் சொன்னபோது எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் மனைவி, "வாடகை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா?" என்று கேட்டாள்.

பிரான்சு வாய்க்கால்கள் வேறு மாதிரி. சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டினவை. தெற்கே பியேர் போல் ரிக்கே 1666-இல் ஆரம்பித்து 1681-இல் திறக்கப்பட்ட 'கனால் து மிதி'யைப் பற்றிப் பள்ளியில் பிரெஞ்சில் படித்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. தங்கை மகன் இருக்கும் திழோன் ஊர் வழியாகப் போவது புர்கோஞ் வாய்க்கால். 242 கிலோமீட்டர் நீளம், 189 மதகுகள். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடங்களில் படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அந்த மதகை 'எக்லூஸ்' என்பார்கள். 1832-இல் திறந்த வாய்க்கால் அது. இப்போது சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் போய்விட்டது. வாய்க்கால் முழுக்க உல்லாசப் படகுகளும், படகிலேயே வாழ்கிறவர்களும்தான்.

தங்கை மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நம்ம ஊர் வழக்கில் சொல்தா வீட்டுப் பிள்ளை. என் தங்கை 2015-இல் போய்விட்டாள். எங்கள் பூர்வீக வீட்டில் அவளுக்கு இருந்த பங்கை 2017-இல் விற்றோம். அவனுக்கு வந்தது 44 லட்சம். அன்றைய கணக்கில் 55,000 யூரோ. அவனுடைய பென்ஷன் மாதச் செலவுக்குத்தான் சரியாக இருக்கும். கையில் மொத்தமாக இருந்தது இது ஒன்றுதான். இந்தப் பணத்தைத்தான் படகில் போடப் போகிறேன் என்றான். "நீங்க வந்து பேப்பரெல்லாம் பார்த்துக் குடுங்க மாமா" என்றான்.

எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் பத்திரம் தெரியும். பதிவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தா வேலை. பிரெஞ்சு காலத்து நொத்தேர் பத்திரம் எது வந்தாலும் "அவர்கிட்ட கொடுங்க" என்று என் மேசைக்குத்தான் வரும், பிரெஞ்சில் படித்தவன் என்பதால். என் தங்கையின் பங்கு அது. அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. 2018 மே மாதம் போனேன். மூன்று மாதம் இருந்தேன்.

போன முதல் வாரமே ஒன்று விளங்கியது. பழைய படகு வாங்குகிற உலகத்தில் முதல் கேள்வி, "யார் கட்டினது?" என்பதுதான். நாம் வீடு வாங்கும்போது எந்த மேஸ்திரி கட்டினது என்று கேட்கிறோமே, அதேதான். ஆலந்து நாட்டில் மாஸ்பிராக்ட் என்ற ஊரில் லின்சன் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. எஃகுப் படகு கட்டுகிறார்கள். அந்தப் பேர் இருந்தால் பழையதானாலும் விலை லேசில் இறங்காது. இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சாம் ஸ்பிரிங்கர் என்பவர், சாதாரண ஜனங்களும் வாங்கட்டும் என்று மலிவு விலையில் வாய்க்கால் படகுகள் கட்டினார். அடிப்பாகம் V வடிவத்தில் இருக்கும். தகடு கனம் குறைவு என்று பேர். ஸ்பிரிங்கர் என்றால் இன்றும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஆனால் அவர் கட்டியவற்றில் ஏராளமானவை நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒழுங்காகப் பராமரித்தவர்கள் கையில் கிடைத்தவை.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். பேர் நல்ல பேர் என்பதற்காக அதிகம் கொடுக்கிறோம். அந்தப் பேர் படகில் எந்தப் பகுதிக்குப் பொருந்தும்? கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் பல படகுகளுக்கு இரண்டு அப்பன். இரும்பு உடலை வெட்டிப் பற்றவைத்துக் கொடுப்பவர் ஒருவர். அதை வாங்கி உள்ளே மர வேலை, மின்சாரம், குழாய், காஸ் அடுப்பு எல்லாம் செய்பவர் இன்னொருவர். சில சமயம் வாங்கினவரே வார விடுமுறைகளில் சுத்தியலும் கையுமாக உள் வேலையைச் செய்திருப்பார். விளம்பரத்தில் இரும்பு வேலை செய்தவர் பேர் பெரிய எழுத்தில் இருக்கும். மின்சார ஒயரை இழுத்தவர் பேர் எங்கேயும் இருக்காது. தீப்பிடிப்பது ஒயரில்தான், இரும்பில் இல்லை.

இரும்பு உடலிலும் பேரைவிடக் கணக்கு முக்கியம். அங்கே 10-6-4 என்று சொல்கிறார்கள். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6, மேலே அறைச் சுவர் 4. இது பிற்காலத்து இங்கிலாந்துப் படகுகளின் வழக்கமான கணக்கு. பழையவற்றில் இதைவிடக் குறைவு. ஆலந்து, பெல்ஜியப் படகுகளில் கணக்கு வேறு. எப்படியிருந்தாலும் கட்டின அன்று இருந்த கனம் இன்று இருக்காது. தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடற்கரை ஊர்க்காரர்களான நமக்குச் சொல்ல வேண்டுமா? நம் வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி.

முதலில் பார்த்தது வாங்குவதற்கு இல்லை, ஆசைக்கு. ஆலந்துப் பழைய சரக்குப் படகு, லுக்ஸ்மோட்டர் என்பார்கள். ரிவெட் அடித்துக் கட்டியது, 22 மீட்டர். பார்க்க அரண்மனை மாதிரி. 20 மீட்டருக்கு மேல் போனால் ஓட்டுவதற்குப் பெரிய படகு உரிமம் தனியாக வாங்க வேண்டும். விலையும் எட்டாது. ஆனால் அதில் எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. ஆலந்தில் நிலப் பதிவு செய்யும் 'கடாஸ்டர்' அலுவலகமே படகையும் பதிவு செய்கிறது. பதிவு எண், B என்ற எழுத்து, பதிவான ஊரின் சுருக்கம், வருடம் – இவற்றைப் படகின் இரும்பிலேயே பொறித்துவிடுகிறார்கள். விற்கிறவர் அந்த வருடத்தைக் காட்டி, "கட்டின வருடம் இதுதான்" என்றார். அது பதிவு செய்த வருடம். கட்டியது முன்னாலேயே இருக்கலாம். பத்திரம் பதிவான தேதியை வீடு கட்டின தேதி என்று சொல்பவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தங்கை மகன், "உங்களுக்கு இங்கேயும் ஆபீஸ் வந்துடுச்சு மாமா" என்று சிரித்தான்.

பிறகு வாங்குகிற யோசனையோடு பார்த்தது மூன்று.

முதல் படகு அவன் ஒரு வருடமாகக் கனவு கண்டது. பேர்பெற்ற ஆலந்துக் கட்டுமானம், எஃகு, 11 மீட்டர். பளபளப்பான தேக்கு வேலை, புதுப் பெயிண்ட். கேட்ட விலை 62,000 யூரோ. தரகர் 57,000 வரை வரலாம் என்றார். கையிருப்புக்கு மேலே கடன் வாங்க வேண்டியிருக்கும். "பரவாயில்லை மாமா, இந்தப் பேருக்கு எப்போ வித்தாலும் போட்ட காசு வரும்" என்றான். அவன் கண்ணில் இருந்த ஒளியைப் பார்த்தால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. நான் பேரைப் பற்றிப் பேசவில்லை. "ஒப்பந்தத்தைக் கொடு" என்றேன்.

தரகர் கொடுத்தது ஒரு பக்கக் காகிதம். பார்த்தபடியே, இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தது. வீடு வாங்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் முதலில் 'கோம்ப்ரோமி' எழுதுவார்கள். அதில் 'இன்னது நடந்தால்தான் இது செல்லும்' என்று நிபந்தனை சேர்க்கலாம். படகுக்கும் அப்படியே எழுதச் சொன்னேன். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, நாம் அமர்த்தும் நிபுணர் தகட்டை அளக்க வேண்டும். எங்கேயாவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் முன்பணம் முழுக்கத் திரும்ப வர வேண்டும். ஏன் 4 என்றால், பல காப்பீட்டுக் கம்பெனிகள் அதற்குக் கீழே போனால் ஏற்றுக்கொள்வதில்லை. காப்பீடு இல்லாத படகை எந்தத் துறையிலும் கட்ட விடமாட்டார்கள். தரகர், "இந்தக் கட்டுமானத்துக்கு யாரும் இப்படிக் கேட்டதில்லை முசியே" என்றார். "கேட்காதவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்க்க வேண்டாம்" என்று நான் பிரெஞ்சில் சொன்னதும் எழுதிக் கொடுத்தார்.

சான் ழான் து லோன் என்று ஒரு ஊர். புர்கோஞ் வாய்க்கால் சோன் ஆற்றோடு சேருகிற இடம். ஊரே படகு வியாபாரத்தில் வாழ்கிறது. அங்கே தூக்கினார்கள். நிபுணர் முதலில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நாம் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காது. பிறகு ஒலியலைக் கருவியை வைத்து, பெயிண்ட்டை அங்கங்கே சுரண்டி, கட்டம் கட்டமாக அளந்தார். முன்புறம் 5.7, 5.8. பக்கங்கள் 5.5. நல்ல எஃகு, நேர்த்தியான பற்றவைப்பு, கட்டினவன் பேரைக் காப்பாற்றியிருக்கிறான் என்றார். பின்புறம் என்ஜினுக்கு அடியில் வந்தபோது பேச்சு நின்றது. 3.6. இன்னொரு இடத்தில் 3.2.

அரிப்பு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து. என்ஜினுக்கு அடியில் சொட்டிய தண்ணீர் வருடக்கணக்கில் தேங்கி நின்றிருக்கிறது. யாரும் பலகையைத் தூக்கித் துடைக்கவில்லை. மேலே மட்டும் பெயிண்ட். இதில் கட்டினவன் தப்பு என்ன இருக்கிறது? முப்பது வருடத்துக்கு முன்னால் அவன் செய்து கொடுத்தது முதல் தரம். நடுவில் வைத்திருந்தவர்கள் வேறு. ஆனால் விலை மட்டும் கட்டினவன் பேரைச் சொல்லிக் கேட்கப்படுகிறது. மேலே புதுத் தகடு பற்றவைக்க 16,000 ஆகும் என்றார்கள். விற்கிறவர் 2,000-க்கு மேல் இறங்கவில்லை. நிபந்தனைப்படி முன்பணம் திரும்பி வந்தது. தூக்கின கூலி, நிபுணர் கூலி இரண்டும் வாங்குகிறவர் பாடு. 900 யூரோ போய்விட்டது. அன்று ராத்திரி தங்கை மகன் சரியாகச் சாப்பிடவில்லை. "தொள்ளாயிரம் வீண்" என்றான். "பதினாறாயிரத்தைத் தொள்ளாயிரம் கொடுத்துத் தெரிந்துகொண்டோம்" என்றேன். அவனுக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை.

இரண்டாவது, வாடகைக்கு விட்டு ஓய்வு கொடுத்த கண்ணாடியிழைப் படகு. 38,000 யூரோ. வாடகைக் கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு இப்படி விற்பது வழக்கம். என்ஜினை ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் வாராவாரம் புதுப்புது ஆள் ஓட்டி ஒவ்வொரு மதகுச் சுவரிலும் இடித்திருப்பான். இதற்கும் நல்ல பேர் உண்டு, வாடகைப் படகு என்ற வகையில். குளிர்காலத்தில் குடியிருக்கிற படகு என்ற வகையில் இல்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மெல்லிய சுவர். கோடையில் இரண்டு வாரம் தங்குகிறவர்களுக்குச் செய்தது. திழோனில் ஜனவரியில் வாய்க்காலே உறையும். நல்ல பேர் என்று கேட்டால், எதற்கு நல்ல பேர் என்றும் கேட்க வேண்டும் என்பது அங்கே புரிந்தது.

மூன்றாவது படகு, பேரே இல்லாதது. பெல்ஜியத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பட்டறையில் 1989-இல் கட்டியது, பன்னிரண்டரை மீட்டர். அந்தப் பட்டறை இப்போது இல்லை. தேடினால் ஒரு வரி கிடைக்கவில்லை. வைத்திருந்தது ஆலந்து நாட்டு முதிய தம்பதி; கணவருக்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்புகிறார்கள். 54,000 யூரோ. தங்கை மகனுக்குப் படகுக்குள் ஏறவே விருப்பமில்லை. "யார் கட்டினதுன்னு தெரியாததை எப்படி மாமா வாங்கறது?" என்றான்.

அந்த அம்மாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வருட வாரியாகக் கோப்புகள். முதல் கோப்பில் பட்டறை கொடுத்த பில், எந்தத் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கையால் எழுதியது, கட்டும்போது எடுத்த புகைப்படங்கள். பக்கம் 6, அடி 8. பிறகு, எப்போது தூக்கினார்கள், எப்போது கரிப்பெயிண்ட் அடித்தார்கள், மக்னீசியம் ஆனோடு எப்போது மாற்றினார்கள் என்று எல்லாம். ஆனோடு என்பது படகின் வெளிப்புறத்தில் பொருத்தும் உலோகக் கட்டி. படகின் இரும்புக்குப் பதிலாக அது கரைந்து தன் உயிரைக் கொடுக்கும். நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகில் எர்த் கம்பி வழியாகவும் இரும்பு அரிக்கும். அதைத் தடுக்கும் கருவி வாங்கிப் பொருத்திய பில்லும் இருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கட்டு நாலைந்துதான் பார்த்திருப்பேன்.

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் வேறு வேலை செய்துகொண்டிருந்தாள். காரைக்கால் பெண். நீச்சல் தெரியாது, இந்தப் படகு யோசனையில் ஆரம்பத்திலிருந்தே அரை மனசு. அவள் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் படகின் பக்கச் சுவரைத் தடவினாள். சமையல் அலமாரியின் மூலையை முகர்ந்து பார்த்தாள். தரைப் பலகையைத் தூக்கச் சொன்னாள். அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் தெரிய வேண்டும் என்று அந்தப் பெரியவர் வருடாவருடம் மாற்றி விரிப்பாராம். தாள் மொரமொர என்று காய்ந்திருந்தது. "மாமா, இவங்க இதை வீடு மாதிரி வெச்சிருக்காங்க" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் ஒரு படகைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காகிதத்தில் எனக்கு இருந்த கேள்விகள் இரண்டு. ஒன்று, கட்டினவனைக் காட்டும் அடையாள எண். ஐரோப்பாவில் 1998 ஜூன் 16 முதல் புதிய உல்லாசப் படகுகளுக்கு CE தகடு கட்டாயம். கூடவே நாட்டின் குறி, கட்டினவர் குறி, வரிசை எண், மாதம், வருடம் எல்லாம் அடங்கிய எண்ணும் உண்டு. அதற்குப் பிறகு கட்டியதில் அந்த எண் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். இது 1989, இல்லாதது குறையில்லை. இரண்டாவது, மதிப்புக்கூட்டு வரி கட்டிய அத்தாட்சி. 1985-க்கு முன் கட்டி, 1992 டிசம்பர் 31 அன்று ஐரோப்பியச் சமூகத்துக்குள் இருந்த படகுகளுக்கு வரி கட்டியதாகவே வைத்துக்கொள்வார்கள். 1989-க்கு அந்தச் சலுகை இல்லை, காகிதம் வேண்டும். பட்டறையின் முதல் பில்லிலேயே வரி தனி வரியாக எழுதியிருந்தது. பேர் தெரியாத அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

இதையும் அதே நிபந்தனையோடு தூக்கி அளந்தோம். பக்கம் 5.6 முதல் 5.8. அடி 7.4-க்குக் குறையவில்லை. முப்பது வருடத்தில் அரை மில்லிமீட்டர் அளவுதான் போயிருக்கிறது. பற்றவைப்பு சில இடங்களில் அழகாக இல்லை, ஆனால் பலமாக இருக்கிறது என்று நிபுணர் எழுதினார். என்ஜின் தண்டு பேரிங் தேய்ந்திருக்கிறது, பாட்டரிகள் மாற்ற வேண்டும் என்றும் எழுதினார்.

தங்கை மகன் அப்போதும் தயங்கினான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "நாளைக்கு எனக்கு முடியலேன்னா வித்தாகணும். பேர் இல்லாததை யார் வாங்குவான்?" இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பேர் என்பது பொய்யில்லை. விற்கிற நாளில் அது பணம். பேர் உள்ளது சீக்கிரம் விற்கும், நல்ல விலைக்கு விற்கும். பேர் இல்லாதது காத்துக்கிடக்கும். நான் அவனிடம் சொன்னது இதுதான்: "நீ விற்கும்போது உனக்குக் குறைத்துக் கேட்பான் இல்லையா? அந்தக் குறைவை இன்றைக்கே நீ கேள். பேர் இல்லாத நஷ்டத்தை வாங்கும்போதே கழித்துக்கொண்டால், விற்கும்போது நஷ்டம் இல்லை. ஆனால் தகடு இல்லாத நஷ்டத்தை எந்த விலையிலும் கழிக்க முடியாது. அது வருடாவருடம் கூடும்."

மருமகள் குறுக்கே வந்தாள். "அத்தை பங்குப் பணம் இது. கடனும் சேர்த்துத் தண்ணியிலே விட வேணாம். கடன் இல்லாம முடிஞ்சா நான் வரேன்." முடிவு செய்தது அவள்தான் என்று சொல்ல வேண்டும்.

பேரிங், பாட்டரிச் செலவையும், விற்கக் கஷ்டம் என்பதையும் சொல்லி 47,000 கேட்டோம். அந்தப் பெரியவர் யோசித்து 48,500 என்றார். கைகுலுக்கினோம். காப்பீடு, துறைக் கட்டணம், வாய்க்கால்களை நிர்வகிக்கும் அரசு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணம், உள்நாட்டு நீர்வழிகளில் படகு ஓட்டும் உரிமத்துக்குப் படிப்பு, பேரிங் எல்லாம் போக, அவசரத்துக்கு என்று ஒரு சின்னத் தொகையும் மிஞ்சியது. அந்தப் பெரியவர் போகும்போது செய்தித்தாள் கட்டு ஒன்றைத் தங்கை மகன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கிறவர்களில் யாரும் வாய்க்கால் படகு வாங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பழைய வீடு வாங்குவீர்கள், பிள்ளைக்குப் பழைய கார் பார்ப்பீர்கள். நான் கண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கட்டினவன் பேர், பொருள் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லும், இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கத் தெரியாவிட்டால் அளக்கத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்த ஆளை விற்கிறவர் சிபாரிசு செய்யக் கூடாது. அளப்பதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் நிபந்தனையோடு போட வேண்டும். பேருக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. விற்கும்போது எவ்வளவு திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கடைசியாக வைத்திருந்தவர் யார், எப்படி வைத்திருந்தார் என்று பாருங்கள். பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், பலகையைத் தூக்கிப் பாருங்கள்.

2023-இல் படகை மறுபடி தூக்கிக் கரிப்பெயிண்ட் அடித்தார்கள். தங்கை மகன் அளவுக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பக்கம் 5.5, அடி 7.3. அப்போது அந்தத் துறையில் ஒருவர் படகைப் பிடித்துப்போய் 46,000-க்குக் கேட்டாராம். பேர் உள்ள படகாக இருந்தால் இன்னும் கூடக் கேட்டிருப்பார், அது உண்மைதான். கொடுக்கவில்லை என்றான். மருமகள் இப்போது மதகுகளில் கயிறு பிடிக்கிறாள். நீச்சல் மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மேல்தளத்துக்கு வந்தால் மிதவைச் சட்டையோடுதான் வருவாளாம்.